படைவீரரின் சேவைப் பதிவேடும் ஓர் எழுத்துப் பிழையும்

இராணுவத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கடமையாற்றி ஓய்வுபெற்ற ஒருவருக்குத் தமது சேவைப் பதிவேட்டைத் திறந்து பார்க்க வேண்டிய தேவை பெரும்பாலும் ஏற்படுவதில்லை. மாதந்தோறும் ஓய்வூதியம் வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படுகின்றது. ஆண்டுக்கொரு முறை கிராம உத்தியோகத்தரிடம் சென்று உயிருடன் இருப்பதை உறுதிப்படுத்தினால் போதுமானது. அப்பதிவேட்டில் தமது பெயர் எவ்வாறு எழுதப்பட்டிருக்கின்றது, பிறந்த திகதி சரியாக உள்ளதா, மனைவியின் பெயர் இருக்கின்றதா என்பவற்றை அவர் ஆராய்வதில்லை. அவர் மறைந்த பின்னர், விதவைகள் அநாதைகள் ஓய்வூதியம் கோரி அவரது மனைவி பிரதேச செயலகத்தின் படியேறும் நாளிலேயே பிழை வெளிப்படுகின்றது. மரணச் சான்றிதழில் ஒரு பெயர், விவாகச் சான்றிதழில் இன்னொரு பெயர், இராணுவக் கோவையில் மூன்றாவது பெயர் என்றிருந்தால், இறந்தவர் யார் என்பதை அப்பெண்மணியே நிரூபிக்க வேண்டிய நிலைமை உருவாகின்றது.

ஓய்வுபெற்ற படைவீரர்களின் பதிவுப் பிழைகளை ஒரு சிலரின் சொந்தச் சிக்கலாக மட்டும் கருதிவிட முடியாது என்பதே எமது கருத்தாகும். அப்பிழைகள் எங்கிருந்து தோன்றுகின்றன என்பதை நோக்கும்போது, மும்மொழி வழங்கும் எமது நாட்டின் நிர்வாகம் தமிழ் பேசும் மக்களின் பெயர்களை எவ்வாறு கையாண்டு வந்திருக்கின்றது என்பதும் தெளிவாகின்றது. கண்டி மாவட்டத்தில் இது மேலும் துலக்கமாகத் தெரிகின்றது. அக்குறணை, மடவளை, உடுநுவர, கம்பளை ஆகிய பகுதிகளின் முஸ்லிம் குடும்பங்களும், நகரிலும் சுற்றுப்புறங்களிலும் வாழும் மலாய்க் குடும்பங்களும், தெல்தோட்டை, தொளுவை, பன்விலை, நாவலப்பிட்டி ஆகிய தோட்டப் பகுதிகளின் தமிழ்க் குடும்பங்களும் இம்மாவட்டத்தின் மக்கள் ஆவர். முப்படையில் இவர்களது எண்ணிக்கை குறைவு என்பது உண்மையே. ஆயினும் எண்ணிக்கை குறைவாக இருப்பதனாலேயே இவர்களது பெயர்களை எழுதிப் பழகாத கைகள் அவற்றை எழுத நேர்ந்தது.

இலங்கை இராணுவம் 1949ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க இராணுவச் சட்டத்தின் கீழ் அதே ஆண்டு ஒக்டோபர் 10ஆம் திகதி உருவாக்கப்பட்டது. அதன் முதலாவது இலங்கையர் தளபதியாக 1955இல் பதவியேற்ற மேஜர் ஜெனரல் அன்ரன் முத்துக்குமாரு ஒரு தமிழர் என்பதை இன்றைய இளைய வாசகர்களில் பலர் அறியமாட்டார்கள். அக்காலத்தில் ஆவணங்கள் ஆங்கிலத்திலேயே பேணப்பட்டன. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்தைத் தொடர்ந்து நிர்வாகம் படிப்படியாகச் சிங்களத்திற்கு மாறியது. 1987இல் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியாக்கப்பட்டபோதும், படையணிகளின் எழுதுவினைஞர் மேசைகளுக்கு அம்மாற்றம் எளிதில் வந்து சேரவில்லை. ஆகவே தமிழில் எழுதப்பட்ட பிறப்புச் சான்றிதழுடன் படையில் சேர்ந்த ஒருவரின் பெயர் முதலில் சிங்களத்திற்கும், பின்னர் அச்சிங்கள வடிவத்திலிருந்து ஆங்கிலத்திற்கும் பெயர்க்கப்பட்டது. இரண்டு முறை படகு மாறிய பயணி கரையேறும்போது ஆளே மாறிப்போயிருந்தார் எனலாம்.

இதனைச் சற்று விரிவாக நோக்குவது பயனுடையது. தமிழ் நெடுங்கணக்கில் ககரத்திற்கும் பகரத்திற்கும் தகரத்திற்கும் ஒவ்வோர் எழுத்தே உண்டு. சிங்களத்திலோ வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் தனித்தனி எழுத்துகள் உள்ளன. கணேசன் என்ற பெயரைக் காணும் எழுதுவினைஞர், அதன் முதலெழுத்தை எவ்வொலியில் எழுதுவது எனத் தாமே தீர்மானிக்க வேண்டியுள்ளது. பாலன் என்பதும் அவ்வாறே. தந்தையின் பிறப்புச் சான்றிதழைப் பார்த்து எழுதியவர் ஓரொலியையும், மகனின் பாடசாலைச் சான்றிதழைப் பார்த்து எழுதியவர் மற்றோரொலியையும் தெரிவு செய்திருப்பார். ழகரமோ இன்னும் பரிதாபத்திற்குரியது. அது லகரமாகவும் ளகரமாகவும் சில வேளைகளில் யகரமாகவும் உருமாறிவிடுகின்றது. கணினித் தரவுத்தளம் இவற்றையெல்லாம் வெவ்வேறு மனிதர்களாகவே கொள்ளும்.

முஸ்லிம் பெயர்களின் நிலை வேறு விதமானது. அரபு மூலத்தையுடைய ஒரே பெயர் முகம்மது, முஹம்மத், மொஹமட் எனப் பலவாறு எழுதப்படுகின்றது. முகைதீன் என்பதும் மொஹிதீன் என்பதும் முஹியித்தீன் என்பதும் ஒன்றே என்பதை அக்குறணையில் எவரும் அறிவர். ஆனால் கணக்காய்வு உத்தியோகத்தர் அதனை ஏற்கக் கடமைப்பட்டவர் அல்லர். ஹகரம் விழுந்துவிடுவதும், பாத்திமா ஃபாத்திமாவாவதும், மரைக்கார் மரிக்காராவதும் நாளாந்த நிகழ்வுகளாகும். மலாய் இனத்தவரின் பெயருக்கு முன்னால் வரும் துவான் என்ற மதிப்புச் சொல், ஓர் ஆவணத்தில் பெயரின் பகுதியாகவும் மற்றோர் ஆவணத்தில் வெறும் முதலெழுத்தாகவும் இடம்பெறுவதோடு, மூன்றாவது ஆவணத்தில் முற்றாகவே விடுபட்டுப் போவதும் உண்டு.

இவற்றுக்கும் மேலாக முதலெழுத்துகளின் சிக்கல் உள்ளது. தந்தையின் பெயர் பெருமாள், மகனின் பெயர் இராஜு எனக் கொள்வோம். எமது வழக்கப்படி இராஜு என்பதே அவரது பெயர், பெருமாள் என்பது தந்தை பெயரைக் குறிக்கும் முன்னெழுத்து. சிங்களப் பெயரமைப்பில் முன்னால் வருவது வாசகம எனப்படும் குடிப்பெயராகும். அதனை நன்கறிந்த எழுதுவினைஞர் தம் பழக்கத்தின்படி பெருமாளைக் குடிப்பெயராகக் கொண்டு பதிவு செய்கின்றார். பின்னர் இன்னொருவர் ஆங்கில முறைப்படி கடைசிப் பெயரே குடும்பப் பெயர் எனக் கருதி முறையை மாற்றிவிடுகின்றார். இராஜுவின் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களில் தந்தையின் பெயர் இவ்விரண்டில் எது என்பது, அவர்கள் எந்தப் பதிவாளரிடம் சென்றார்கள் என்பதைப் பொறுத்தது.

தோட்டப்புறங்களில் பிறப்புப் பதிவு தோட்ட நிர்வாகத்தின் ஊடாகவே நடைபெற்று வந்தது என்பதும் இங்கு கவனிக்கத்தக்கது. பிறப்பினை அறிவிக்கும் கடமை தோட்டத்துரையிடம் இருந்தமையால், பிள்ளைக்குப் பெற்றோர் இட்ட பெயரும் தோட்ட அலுவலகத்தில் எழுதப்பட்ட பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற நியதி இருக்கவில்லை. பிறப்பே பதிவு செய்யப்படாதோருக்கு அனுமான வயதுச் சான்றிதழ் வழங்கப்படுகின்றது. அதில் உள்ள திகதி, பெயர் உணர்த்துவது போலவே, ஓர் அனுமானம் மாத்திரமே.

பெயர்ப் பிழையைவிடத் திகதிப் பிழை கடினமானது. பெயரில் எழுத்துக் கூட்டல் வேறுபட்டால், இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன எனச் சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி ஒன்றை முடித்து ஓரளவு சமாளிக்கலாம். பிறந்த திகதி மாறினாலோ ஓய்வுபெறும் நாளும் அதையொட்டிய கொடுப்பனவுகளும் மாறுகின்றன. ஆகவே எந்த அரசாங்கமும் அதனை இலகுவில் திருத்த இணங்குவதில்லை. அயல்நாடான இந்தியாவில் இராணுவத் தளபதிக்கே இந்நிலை ஏற்பட்டது. ஜெனரல் வி. கே. சிங்கின் பள்ளிச் சான்றிதழில் பிறந்த திகதி 1951 மே 10 என்றிருந்தது. தேசியப் பாதுகாப்பு அக்கடமிக்கான விண்ணப்பத்தில் அது 1950 மே 10 என எழுதப்பட்டிருந்தது. இராணுவத் தலைமையகத்தின் ஒரு கிளை ஓராண்டையும் மற்றொரு கிளை மறு ஆண்டையும் பல தசாப்தங்களாகப் பேணி வந்தன. பதவி உயர்வுகளின்போது 1950ஐ ஏற்றுக்கொள்வதாக அவர் எழுதிக் கொடுத்திருந்தமை அவருக்கு எதிராகவே அமைந்தது. உயர் நீதிமன்றம் வரை சென்ற அவர், 2012 பெப்ரவரி 10ஆம் திகதி மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு அதே ஆண்டு மே மாத இறுதியில் ஓய்வுபெற்றார். பதினோரு இலட்சத்திற்கும் அதிகமான படையினருக்குத் தலைமை தாங்கியவராலேயே ஓர் இலக்கத்தைத் திருத்திக்கொள்ள முடியவில்லை.

எமது நாட்டில் பிறந்த திகதி தேசிய அடையாள அட்டை இலக்கத்திற்குள்ளேயே பொதிந்துள்ளது. பழைய இலக்கத்தின் முதலிரு இலக்கங்கள் பிறந்த ஆண்டையும் அடுத்த மூன்றும் அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பதையும் காட்டுகின்றன. பெண்களுக்கு அந்நாளுடன் 500 கூட்டப்படும். 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க அட்டையில் ஆண்டு நான்கு இலக்கங்களில் உள்ளது. எனவே இராணுவக் கோவையில் ஒரு திகதியும் அடையாள அட்டையில் வேறொரு திகதியும் இருப்பின், எவருடைய முறைப்பாடும் இல்லாமலேயே அம்முரண்பாடு தென்பட்டுவிடும். வாசகர்கள் தமது அட்டையை எடுத்து ஒரு முறை எண்ணிப் பார்ப்பது நல்லது. ஆயினும் ஓர் எச்சரிக்கையையும் கூற வேண்டும். படையில் சேரும் ஆர்வத்தினால் வயதைத் தாமே கூட்டிச் சொன்னவரின் நிலைமை எழுதுவினைஞரின் தவறுக்கு ஆளானவரின் நிலைமையினின்றும் வேறுபட்டது. சேரும்போது பொய்யான விபரம் அளிப்பது குற்றமாகும். அத்தகையோர் விண்ணப்பிக்கும் முன்னர் சட்டத்தரணி ஒருவரை நாடுவதே உகந்தது.

முஸ்லிம் குடும்பங்களைப் பொறுத்தவரை விவாகப் பதிவு தனியாகக் கவனிக்க வேண்டிய விடயமாகும். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, பதிவு செய்யப்பட்டமை அல்லது செய்யப்படாமை என்ற ஒரு காரணத்தினால் மாத்திரம் ஒரு விவாகம் செல்லுபடியாவதோ செல்லுபடியற்றதாவதோ இல்லை எனக் கூறுகின்றது. மார்க்க நோக்கிலும் சட்ட நோக்கிலும் அவ்விவாகம் செம்மையானதே. ஆனால் ஓய்வூதியக் கோவைக்குத் தேவைப்படுவது ஒரு காகிதம். பள்ளிவாசலில் நிக்காஹ் நடந்து, பதிவு செய்வதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் எனத் தள்ளிப்போட்ட தம்பதியரில், கணவன் படையில் இருந்தவராயின், அத்தாமதத்தின் விலையை மனைவியே செலுத்த நேரிடும். படையினருக்கான விதவைகள் அநாதைகள் ஓய்வூதியத் திட்டச் சட்டம் 1970இல் இயற்றப்பட்டது. அத்திட்டத்தின் பயன் கிடைப்பதற்கு மனைவி, பிள்ளைகளின் விபரங்கள் அங்கத்தவரின் கோவையில் இருப்பது இன்றியமையாதது. முதல் மனைவி மறைந்தோ பிரிந்தோ மறுமணம் செய்தவர்கள் பழைய பெயர் இன்னும் கோவையில் கிடக்கின்றதா எனப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெயர், திகதி, குடும்ப விபரம் ஆகியவற்றுக்கு அப்பால் சேவை தொடர்பான பதிவுகள் உள்ளன. படையணியொன்றில் ஒருவரது இடமாற்றம், பதவியுயர்வு, விடுமுறை, தண்டனை, வைத்தியசாலை அனுமதி போன்ற யாவும் பகுதி இரண்டு கட்டளைகள் எனப்படும் நாளாந்தக் கட்டளைகளில் பிரசுரிக்கப்பட்டு, அங்கிருந்து தனிநபர் கோவையில் சேர்க்கப்படுகின்றன. இந்த இணைப்பு எங்கேனும் அறுந்தால் பதிவு கோணலாகிவிடும். களத்தில் காயமுற்று வேறு மாகாணத்து வைத்தியசாலையில் கிடந்தவரின் அனுமதி விபரம் படையணியை உரிய நேரத்தில் எட்டாவிடின், அந்நாட்களில் அவர் விடுமுறையின்றிக் கடமைக்குச் சமுகமளிக்காதவராகவே தென்படுவார். காயம் எவ்வாறு நேர்ந்தது என்பதைத் தீர்மானிக்கும் விசாரணை மன்றத்தின் அறிக்கை கோவையில் இல்லையெனில், போரில் ஏற்பட்ட ஊனம் வெறும் விபத்தாக எஞ்சிவிடும். இரண்டிற்குமான கொடுப்பனவுகள் ஒன்றல்ல.

இவ்விடத்தில் பொதுமன்னிப்புப் பற்றியும் ஒரு சொல். படையைவிட்டுச் சென்றவர்கள் சட்டபூர்வமாக விலகிக்கொள்வதற்கென அரசாங்கம் காலத்திற்குக் காலம் பொதுமன்னிப்பு அறிவித்து வந்துள்ளது. 2024ஆம் ஆண்டில் ஏப்ரல் 20 முதல் மே 20 வரை அத்தகைய ஒரு மாத கால அவகாசம் வழங்கப்பட்டது. பலர் இதனையும் பதிவுத் திருத்தத்தையும் ஒன்றெனக் கருதிக் குழப்பமடைகின்றனர். மன்னிப்பை ஏற்பவர் தவறு நடந்ததாக ஒப்புக்கொண்டு விடுதலை பெறுகின்றார். தவறே நடக்கவில்லை, பதிவே பிழையானது என்போர் மன்னிப்பை அல்ல, திருத்தத்தையே கோர வேண்டும். மன்னிப்பில் விலகியவருக்கு ஓய்வூதிய உரிமை மீளும் என்பதற்கு எவ்வித உத்தரவாதமும் இல்லை.

அவ்வாறாயின் கண்டியில் வாழும் ஒருவர் செய்ய வேண்டியது யாது? முதலாவதாக, தமது கோவையில் என்ன உள்ளது என்பதை அறிய வேண்டும். பல்லேகலையில் 11ஆவது படைப்பிரிவின் தலைமையகம் அமைந்துள்ள போதிலும், சிப்பாய்களின் தனிநபர் ஆவணங்களை அவரவர் சார்ந்த படையணித் தலைமையகத்தின் ஊடாகவே நாட வேண்டியுள்ளது. சிங்கப் படையணிக்கு அம்பேபுஸ்ஸ, விஜயபாகு காலாட்படையணிக்கு குருநாகல் போயகனே, கெமுனு காவற் படையணிக்கு குருவிட்ட, கஜபா படையணிக்கு அநுராதபுரம் சாலியபுர, இலகு காலாட்படையணிக்கு பனாகொடை எனத் தலைமையகங்கள் நாடெங்கும் பரந்து கிடக்கின்றன. அதிகாரிகளாயின் இராணுவத் தலைமையகத்தின் இராணுவச் செயலாளர் கிளையே உரிய இடம். எழுபது வயதைக் கடந்த ஒருவரை நாவலப்பிட்டியிலிருந்து சாலியபுரவுக்கு இரு முறை அலைய வைப்பது நியாயமன்று.

ஆனால் அலையாமலும் கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. இராணுவமும் அச்சட்டத்தின் கீழ் ஒரு பகிரங்க அதிகாரசபையே. தேசிய பாதுகாப்பு என்ற விதிவிலக்கு உண்டு. எனினும் ஒருவர் தமது சொந்தப் பிறந்த திகதியும் மனைவியின் பெயரும் எவ்வாறு பதியப்பட்டுள்ளன என வினவுவதில் பாதுகாப்புக்கு என்ன பங்கம் வந்துவிடப் போகின்றது? தகவல் அலுவலருக்கு எழுதும் விண்ணப்பத்திற்கு 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் அறிவிக்கப்பட வேண்டும். மறுக்கப்பட்டால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அங்கும் பயனில்லையேல் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் அவ்வுரிமையை வழங்குகின்றது. பெற்றுக்கொண்டமைக்கான ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்க மறக்கலாகாது.

இரண்டாவது, திருத்தத்தை அடியிலிருந்து தொடங்க வேண்டும். பலர் இராணுவக் கோவையைத் திருத்திவிட்டுப் பின்னர் பிறப்புச் சான்றிதழில் வேறு பெயர் இருப்பதைக் கண்டு மீண்டும் ஆரம்பிக்கின்றனர். முதலில் பிறப்புச் சான்றிதழ். அதற்கான விண்ணப்பத்தைப் பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் கையளிக்கலாம். அடுத்து ஆட்பதிவுத் திணைக்களத்தின் ஊடாக அடையாள அட்டை. அதன் பின்னரே படையணி. இறுதியாக ஓய்வூதியத் திணைக்களமும் வங்கியும். படையணிக்கு அனுப்பும் கோரிக்கையில், எந்தப் பதிவு பிழையானது, அது எவ்வாறு இருக்க வேண்டும், அதற்கு ஆதாரம் என்ன என்ற மூன்றையும் ஒரே பக்கத்தில் சுருக்கமாக எழுதுவது சிறந்தது. இருபது ஆண்டுகாலத் துயரக் கதையை எட்டுப் பக்கங்களில் வரைந்தால், அதனை வாசிக்கும் உத்தியோகத்தர் கேட்கப்படுவது என்னவென்று கண்டுகொள்வதற்குள் களைத்துவிடுவார். கிராம உத்தியோகத்தர் வழங்கிப் பிரதேச செயலாளர் மேலொப்பமிட்ட சான்று, பாடசாலை விடுகைப் பத்திரம், படையில் சேர்ந்த காலத்துப் புகைப்படமுள்ள பழைய அட்டை ஆகியவை வலுவான துணைகளாகும். மூலப் பிரதிகளை ஒருபோதும் தபாலில் அனுப்பலாகாது. பதிவுத் தபாலில் அனுப்பி அதன் பற்றுச்சீட்டைப் பேண வேண்டும்.

படையணி மறுத்தால் இராணுவத் தளபதிக்கும், பின்னர் பாதுகாப்பு அமைச்சுக்கும் எழுதலாம். 1999ஆம் ஆண்டின் சட்டத்தால் தாபிக்கப்பட்ட ரணவிரு சேவா அதிகாரசபையின் உதவியையும் நாடலாம். பாரபட்சம் காட்டப்பட்டதாகக் கருதுவோருக்கு இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் கண்டிப் பிராந்திய அலுவலகம் உண்டு. உயர் நீதிமன்றில் அடிப்படை உரிமை மனு தாக்கல் செய்வதாயின் மீறல் நிகழ்ந்து ஒரு மாதத்திற்குள் செய்ய வேண்டும் என்ற காலவரையறையைப் பலர் அறியாமலேயே தவறவிட்டுவிடுகின்றனர்.

ஏனைய நாடுகள் இவ்விடயத்தில் என்ன செய்துள்ளன என்பதையும் நோக்குதல் தகும். அமெரிக்காவில் ஒரு காலத்தில் படைவீரரின் பதிவைத் திருத்துவதற்குக் காங்கிரசில் தனிநபர் சட்டமூலம் கொண்டுவர வேண்டியிருந்தது. 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர் ஒவ்வொரு படைக்கும் சிவிலியன்களைக் கொண்ட பதிவுத் திருத்தச் சபை அமைக்கப்பட்டது. பிழையைக் கண்டறிந்து மூன்றாண்டுகளுக்குள் ஒரேயொரு படிவத்தில் விண்ணப்பிக்கலாம். நீதியின் பொருட்டு அக்கால எல்லையையும் தளர்த்தலாம். இத்தனைக்கும் 1973 ஜூலை 12ஆம் திகதி சென் லூயிஸ் நகரில் ஏற்பட்ட தீயில் 16 முதல் 18 மில்லியன் வரையான கோவைகளை அந்நாடு இழந்திருந்தது. பிரித்தானியாவிலும் முதலாம் உலகப் போர்ச் சிப்பாய்களின் கோவைகளில் பாதிக்கும் மேற்பட்டவை 1940 செப்டெம்பரில் இலண்டனில் வீழ்ந்த குண்டுகளால் எரிந்தழிந்தன. ஆவணம் அழிந்த இடத்தில் மாற்றுச் சான்றுகளைக் கொண்டு பதிவை மீளக் கட்டியெழுப்பும் முறையை அந்நாடுகள் கற்றுக்கொண்டன. எமது நாட்டில் சிவிலியன் உறுப்பினர்களைக் கொண்ட அத்தகைய தனிச் சபை இன்னும் இல்லை. பிழை செய்த அலுவலகமே அப்பிழையை விசாரிக்கின்றது.

தொலைதூரம் செல்லாமல் கண்டி நகரிலேயே இதற்கொரு சான்று உள்ளது. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவிற்குக் கொண்டுவந்தார். அப்போர்க்காலத்தில் மரணித்தோருக்கான கண்டிப் போர் மயானத்தில் 203 கல்லறைகள் உள்ளன. அவற்றில் பிரித்தானியர் 107 பேர், கிழக்காபிரிக்கர் 35 பேர், இலங்கையர் 26 பேர், இந்தியர் 23 பேர். இருவர் யாரென்றே அறியப்படவில்லை. அழகாகப் பேணப்படும் அம்மயானத்தைப் பராமரிக்கும் பொதுநலவாயப் போர் மயான ஆணைக்குழு, 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில் தனது கடந்தகாலத்தை மறைக்காமல் எழுதியது. முதலாம் உலகப் போரில் மாண்ட இந்திய, ஆபிரிக்க, எகிப்தியப் படையினரில் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர் என்றும், குறைந்தது 116,000 பேர், ஒருவேளை 350,000 பேர் வரை, பெயர் குறித்து நினைவுகூரப்படவேயில்லை என்றும் அது ஒப்புக்கொண்டது. இன்று அவ்வாணைக்குழு, உரிய ஆதாரத்துடன் வரும் திருத்தக் கோரிக்கைகளை உலகின் எப்பகுதியிலிருந்தும் ஏற்று ஆராய்கின்றது. அப்போரில் மாண்ட தமது பாட்டனாரின் பெயர் பிழையாக உள்ளதெனக் கருதும் குடும்பங்கள் இவ்வாய்ப்பைப் பயன்படுத்தலாம்.

மரணத்திற்குப் பின் பதிவு திருத்தப்பட்டமைக்கு எமது நாட்டிலேயே உதாரணம் உண்டு. 1915 மே மாத இறுதியில் கண்டியில் ஆரம்பித்து முஸ்லிம்களுக்குப் பேரழிவை ஏற்படுத்திய கலவரத்தைத் தொடர்ந்து, கொழும்பு நகரக் காவற் படையின் கப்டன் ஹென்றி பேதிரிஸ் துரோகக் குற்றச்சாட்டில் இராணுவ நீதிமன்றால் விசாரிக்கப்பட்டு ஜூலை 7ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். அக்கலவரம் பற்றிய எமது வாசகர்களின் நினைவு எத்தகையதாயினும், அவ்விசாரணை முறையானதாக இருக்கவில்லை என்பது நெடுங்காலமாகவே கூறப்பட்டு வந்தது. 2024இல் ஜனாதிபதி வர்த்தமானி மூலம் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். 109 ஆண்டுகள் சென்றிருந்தன. செல்வாக்கும் புகழும் மிக்க குடும்பத்தில் பிறந்த ஒருவருக்கே இத்தனை காலம் எடுத்ததெனில், தெல்தோட்டைத் தோட்டமொன்றில் லயன் அறையில் வாழும் விதவைக்கு எத்தனை காலம் எடுக்கும் என்பதை நாம் கணக்கிட விரும்பவில்லை.

ஓய்வூதியத் திணைக்களம் மாவட்டங்கள் தோறும் நடமாடும் சேவைகளை நடத்தும் வழக்கம் உண்டு. கண்டி மாவட்டத்தில் அத்தகைய சேவை நடைபெறும்போது, முப்படைகளினதும் பதிவுப் பிரிவுகளிலிருந்து ஒவ்வோர் உத்தியோகத்தர் அங்கு வருகை தருவதற்குப் பாதுகாப்பு அமைச்சு ஒழுங்கு செய்ய வேண்டும் எனக் கேட்டுக்கொள்கின்றோம். அவருக்கருகில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் அமர்த்தப்பட வேண்டும். பிறப்புச் சான்றிதழில் உள்ள தமிழ்ப் பெயரைப் பார்த்து, கோவையில் உள்ள சிங்களப் பெயருடன் ஒப்பிட்டு, இரண்டும் ஒருவரே என அவ்விடத்திலேயே குறிப்பெழுதும் அதிகாரம் அவர்களுக்கு இருக்க வேண்டும். அக்குறணை, கம்பளை, தெல்தோட்டை ஆகிய மூன்று இடங்களில் ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் இதனைச் செய்ய முடியாத அளவுக்கு எமது அரசாங்கத்திடம் ஆளணிப் பற்றாக்குறை இல்லை. அதுவரையில், ஓய்வுபெற்ற படைவீரர் உள்ள ஒவ்வொரு வீட்டிலும் அவரது சேவை இலக்கம், படையணியின் பெயர், சேர்ந்த திகதி, விலகிய திகதி ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி, விவாகச் சான்றிதழுடன் சேர்த்து மனைவியிடம் கொடுத்து வைக்குமாறு கேட்டுக்கொள்கின்றோம்.